பழைய காருக்குப் பழைய சாமான்



பெரிய கிராணியார் வீட்டு வாசலிலும் டிரெஸ்ஸர் வீட்டு வாசலிலும் நின்ற மோரிஸ் மைனர் காரை நம் தோட்டத்துப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அலெக் இஸிகோனிஸ் என்ற பொறியியலாளர் வரைந்த கார் அது. 1959-இல் வந்த மினி காரும் அவர் வரைந்ததுதான். இங்கிலாந்தில் 1948 முதல் 1971 வரை 16 லட்சத்துக்கும் மேற்பட்ட மோரிஸ் மைனர்களைச் செய்தார்கள். அவற்றில் சில இன்றும் நம் நாட்டில் ஓடுகின்றன. தாத்தா விட்டுப்போன காரைப் பேரன் தூசு தட்டி எடுக்கிறான். நல்ல ஆசைதான். ஆனால் மாதம் 1,700 வெள்ளி என்ற குறைந்தபட்சச் சம்பளத்தில் நடக்கும் குடும்பத்தில், பொருந்தாத சாமானுக்குக் கொடுத்த இருநூறு வெள்ளி அரிசி பருப்பில் கைவைத்துவிடும். ஆகவே குடும்பச் செலவைப் பார்க்கும் தாய்மார்களும் இதைக் கொஞ்சம் கேட்க வேண்டும்.

கடைக்குப் போகுமுன் உங்கள் கார் எது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். "மோரிஸ் மைனர்தானே!" என்று கேட்காதீர்கள். 1956-இல் வந்த கார் 948 சி.சி. எஞ்ஜின் கொண்டது, 1962-இல் அது 1098 சி.சி. ஆயிற்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. உள்ளே கிளட்ச் வேறு, கியர் பெட்டி வேறு. முன் சக்கரத்து பிரேக் டிரம் முன்னதில் 7 அங்குலம், பின்னதில் 8 அங்குலம். ஒன்றின் பிரேக் கட்டை மற்றதற்கு ஏறாது. எஞ்ஜின்மேல் உள்ள தகட்டைத் துடைத்து, எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். முன்பே யாராவது எஞ்ஜினை மாற்றியிருக்கவும் கூடும். ஆகையால் டிரம்மை அளந்தும் பாருங்கள். கழற்றிய பழைய உறுப்பைச் சாக்கில் போட்டுக் கையோடு கொண்டுபோவது எல்லாவற்றிலும் நல்லது. வாயால் சொல்லி வாங்கியது பாதி நேரம் பொருந்தாது.

ஜோர்ஜ்டவுனில் பழம்பொருள் என்றதும் ரோப் வாக், அதாவது ஜாலான் பிந்தால் தாலி, பலருக்கு நினைவு வரும். அங்கிருந்த வியாபாரம் பின்னர் நகர விளையாட்டரங்கை ஒட்டிய லோரோங் கூலிட்டுக்குப் போய்விட்டது. காலையில் கூடும் சந்தை. கைக்கருவிகள் வாங்கலாம், வேடிக்கையும் பார்க்கலாம். கார் உறுப்புக்கு மட்டும், நாளைக்கும் அதே இடத்தில் இருக்கும் கடைக்காரரைத் தேடிப் போங்கள். பட்டர்வொர்த் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு ஒன்று: 2021 முதல் ஃபெரியில் கார் ஏற்றுவதில்லை. கதவோ எஞ்ஜினோ வாங்கினால் பாலத்து வழிதான்.

எதைப் பழையதாக வாங்கலாம்? கதவு, பானெட், விளக்குக் கூடு, இருக்கைச் சட்டம், கியர் பெட்டியின் கூடு ஆகியவற்றை வாங்கலாம். அந்தக் காலத்து இரும்பு கனமானது. கதவின் அடி விளிம்பைக் காந்தத்தால் தொட்டுப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை. புட்டி அடைத்துச் சாயம் பூசியிருக்கிறார்கள். கடற்காற்று வீசும் பினாங்கில் துரு உள்ளிருந்து வரும்.

எதைப் பழையதாக வாங்கவே கூடாது? பிரேக் சிலிண்டர், பிரேக் குழாய், ரப்பர் சாமான்கள். அவற்றோடு முக்கியமாக, முன் சக்கரத்தைத் தாங்கும் ட்ரன்னியன். இது மரை உள்ள உறுப்பு. கிரீஸ் இல்லாமல் மரை தேய்ந்தால் ஒருநாள் கழன்றுகொள்ளும். ஓடுகிற காரின் முன் சக்கரம் பக்கவாட்டில் மடிந்து, வண்டி தரையில் உட்கார்ந்துவிடும். மோரிஸ் மைனருக்கு உலகெங்கும் இது பெயர்போன நோய். வேறொருவர் காரில் எத்தனை ஆண்டு கிரீஸ் காணாமல் கிடந்ததோ, அந்த உறுப்பைக் குழந்தைகள் ஏறும் காரில் எப்படிப் பூட்டுவது? புதியதாகவே கிடைக்கிறது. இங்கிலாந்தில் இந்த ஒரு காருக்கென்றே கடைகள் உண்டு. பாத் நகரில் அத்தகைய கடை வைத்திருந்த சார்ல்ஸ் வேர் என்பவர், 1990-களில் இலங்கையில் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து இதன் தகட்டு உறுப்புகளைச் செய்வித்து இங்கிலாந்துக்கே அனுப்பினார். சீமைக் காருக்குச் சீமைக்கே இலங்கை சாமான்! வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள் அஞ்சல் செலவையும் சுங்க வரியையும் கூட்டிப் பார்த்த பிறகே பணம் அனுப்ப வேண்டும்.

இனி, ஹாஃப் கட். ஜப்பானில் கழித்த காரைப் பாதியாக வெட்டிக் கப்பலில் கொண்டுவந்து விற்கிறார்கள். அதிலுள்ள எஞ்ஜினை மோரிஸ் மைனரில் ஏற்றலாமென்று மெக்கானிக் சொல்வார். ஏற்றலாம். ஆனால் நாம் கிராண்ட் என்று சொல்கிற பதிவுப் பத்திரத்தில் எஞ்ஜின் எண் இருக்கிறதல்லவா? எஞ்ஜின் மாறினால் அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் வண்டியைச் சோதித்து, சாலைப் போக்குவரத்து இலாகாவில் புதிய எண்ணைப் பதிய வேண்டும். அதற்குக் கடை ரசீதும், எஞ்ஜின் இறக்குமதியான சுங்கப் பத்திரத்தின் நகலும் தேவைப்படும். "பத்திரம் பிறகு தருகிறேன்" என்ற கடையில் எஞ்ஜின் வாங்காதீர்கள்.

மலிவு விலையில் இன்னோர் ஆபத்தும் உண்டு. பழம்பொருள் வியாபாரத்துக்கு உரிமம் வேண்டுமென்று 1946-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. திருட்டுச் சாமான் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால், குற்றவியல் சட்டத்தின் 411-ஆவது பிரிவு வாங்கியவர்மீதே பாயும். எண்ணை ராவி அழித்த எஞ்ஜினைக் கண்டால் விலையே கேட்க வேண்டாம்.

ரசீதில் உறுப்பின் பெயர், எந்த ஆண்டுக் காருக்குரியது, பொருந்தாவிட்டால் எத்தனை நாளில் திருப்பலாம் என்பவற்றை எழுதி வாங்குங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பின்னால் வழக்கு வந்தால், 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நடக்கும் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனுப் போடலாம். வக்கீல் வேண்டியதில்லை. மனு எழுதத் தெரியாதவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் விசாரிக்கலாம். போகும்போது ரசீதையும், வாங்கிய உறுப்பையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.