இறையும் ஈகையும்

 

அரசுக்குச் செலுத்தும் வரிக்குப் பழந்தமிழில் இறை என்று பெயர். கல்வெட்டுகளைப் பயின்றோர் ‘பள்ளிச்சந்தம்’ என்னும் சொல்லை அறிவர். சமணப் பள்ளிகளுக்கு விடப்பட்ட நிலத்தை அது குறிக்கும். அந்நிலங்கள் பல ‘இறையிலி’ ஆக்கப்பட்டன. அரசுக்குச் சேர வேண்டிய பொருள் பள்ளியின் வழிபாட்டிற்கும் விளக்கிற்கும் துறவியர் உணவிற்கும் சென்றது. விலக்கு ஒரு கடமையோடு பிணைந்திருந்தது. விளக்கு எரியும் வரையில்தான் அவ்விலக்கிற்குப் பொருள் உண்டு. இப்பழைய வழக்கம் இன்றைய வினா ஒன்றிற்கு நல்ல அளவுகோலாகிறது. செல்வர் தமக்குரிய வரியைச் செலுத்துகின்றனரா என்பதே அவ்வினா.

முதலில் செல்வர் பக்கத்து நியாயத்தைக் கேட்பதே நடுவுநிலைமை. இந்நாட்டில் வருமான வரி செலுத்துவோர் மக்கள்தொகையில் மிகச் சிலரே. அச்சிலருள்ளும் உயர்ந்த வருமானம் உடையோரே அவ்வரியின் பெரும்பகுதியைத் தருகின்றனர். வரி விகிதம் அளவு கடந்தால் விளைவது என்ன என்பதையும் நாடு கண்டிருக்கிறது. 1973-74ஆம் ஆண்டில் மிக உயர்ந்த வருமானப் படியில் வரி 97.75 விழுக்காடு. நூறு ரூபாய் கூடுதலாக ஈட்டினால் கையில் நிற்பது இரண்டே கால் ரூபாய். கணக்கை மறைக்கும் பழக்கம் வேரூன்ற அத்தகைய சட்டமும் ஒரு காரணமாயிற்று.

இனி மறுபக்கம். சம்பளம் ஒன்றையே வருவாயாகக் கொண்டு ஆண்டுக்கு 50 இலட்சம் ரூபாய் பெறும் ஒருவரை எண்ணுக. 2025-26 நிதியாண்டின் புதிய முறைப்படி அவர் செலுத்தும் வரி ஏறக்குறைய 11 இலட்சம். வேறு வருவாய் இல்லாத மற்றொருவர், பங்குச் சந்தையில் நெடுநாள் வைத்திருந்த பங்குகளை விற்று அதே 50 இலட்சத்தை ஆதாயமாகப் பெறுகிறார். அவர் செலுத்துவது ஏறக்குறைய 6 இலட்சம். ஏனெனில் நீண்டகால ஆதாயத்திற்கு வரி 12.5 விழுக்காடு மட்டுமே. மூன்றாமவரின் பங்குகள் 50 கோடி ரூபாய் மதிப்பு உயர்ந்துள்ளன. ஆனால் அவர் விற்கவில்லை. அவ்வுயர்விற்கு அவர் செலுத்தும் வரி ஏதுமில்லை. மூவரும் சட்டத்தை மீறியவர் அல்லர்.

இந்நிலை இந்நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கப் பெருஞ்செல்வர் வாரன் பஃபெட், தம் வருமானத்தில் 17.4 விழுக்காடே வரியாகச் சென்றது என்றும், தம் அலுவலகத்தில் பணிபுரிவோர் அதனினும் உயர்ந்த விழுக்காட்டில் செலுத்தினர் என்றும் 2011ஆம் ஆண்டில் தாமே எழுதினார்.

வருமான வரியே செலுத்தாத ஏழை, வரியே செலுத்தாதவர் என்று கருதுவதும் பிழை. அவர் வாங்கும் தேயிலைத் தூளில் 5 விழுக்காடு. கைப்பேசிக்குச் செலுத்தும் கட்டணத்தில் 18 விழுக்காடு. 2022 ஜூலை முதல் பொட்டலமிட்டு முத்திரையிட்ட அரிசிக்கும் 5 விழுக்காடு. பொன்னுக்கோ 3 விழுக்காடு. பொருளின் மீது விதிக்கும் வரி வாங்குவோரின் முகம் பார்ப்பதில்லை. கூலித் தொழிலாளி தம் வருவாய் முழுவதையும் செலவிட்டே வாழ்கிறார். ஆகவே அவ்வருவாயின் பெரும்பகுதியை இவ்வரி தொடுகிறது. செல்வர் தம் வருவாயில் சிறு பகுதியையே செலவிடுகிறார். எஞ்சியது சேமிப்பாகி வளர்கிறது. தொகையில் செல்வர் மிகுதியாகச் செலுத்துகின்றனர் என்பது உண்மை. தாங்கும் ஆற்றலுக்கு ஏற்பச் செலுத்துகின்றனரா என்றால், பலரிடத்து இல்லை என்பதே விடை.

செல்வத்தின் மீதே வரி விதிக்கும் முயற்சியும் நடந்தது. 1953இல் இறந்தார் சொத்து வரி வந்தது, 1985இல் நீங்கியது. பொருளியல் அறிஞர் நிக்கோலஸ் கால்டாரின் பரிந்துரையை ஒட்டி 1957இல் செல்வ வரி வந்தது. 2013-14இல் நாடு முழுவதும் அதனால் திரண்டது 1,008 கோடி ரூபாய் மட்டுமே. பயன் சிறிது, தண்டுவதற்கு ஆகும் செலவு பெரிது என்று 2015ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் அதனை நீக்கியது. ஒரு கோடிக்கு மேற்பட்ட வருமானம் உடையோர் செலுத்தும் வரியின் மீது 2 விழுக்காடு கூடுதல் மேல்வரி அதற்கு ஈடாக வந்தது. வருமானமாக வெளிப்படாத செல்வம் மட்டும் வரியின் கைக்கு எட்டாமலே நின்றது.

இங்கேதான் இறையிலியின் அளவுகோல் பயன்படும். ஒவ்வொரு விலக்கும் ஒரு கடமையின் பெயரால் வழங்கப்படுகிறது. உழவர் நலம் கருதி வேளாண் வருமானத்திற்கு மைய அரசின் வருமான வரி இல்லை. மழையையும் கடனையும் நம்பி வாழும் சிறு உழவர்க்கு அது தகும். வேறு தொழிலில் ஈட்டியதை வேளாண் வருவாயாகக் கணக்குக் காட்டுவோர்க்கு அது மறைவிடமாகிறது. அற நிறுவனங்களுக்கும் வரிவிலக்கு உண்டு. ஆகவே அவற்றிடமும் இதே வினா எழும். விளக்கு எரிகிறதா? எரிந்தால் விலக்கு அறம். அணைந்திருந்தால், பிறர் செலுத்த வேண்டிய சுமை அவ்விலக்கால் கூடுகிறது.

சட்டம் இடம் தருவது வேறு. சட்டத்தை ஏய்ப்பது வேறு. இல்லறத்தார்க்குரிய கள்ளாமை விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது. திருடத் தூண்டுதல், திருட்டுப் பொருளைக் கொள்ளுதல், அளவையில் கூட்டிக் குறைத்தல், போலியைக் கலத்தல் ஆகியவற்றோடு, அரசின் நெறிக்கு மாறாக ஒழுகுதலும் அவற்றுள் ஒன்று. வரி ஏய்ப்பு இதனுள் அடங்கும் என்று விளக்கம் கூறுவோர் உளர். பெருஞ்செல்வர்க்கு மட்டும் உரிய குற்றமன்று இது. வீட்டு மனையை ஒரு விலைக்கு வாங்கி மற்றொரு விலைக்குப் பத்திரம் எழுதும்போதும், பில் வேண்டாம் என்று சொல்லி நகை விலையைக் குறைக்கும்போதும் இவ்விரதமே உடைகிறது. அருகிருந்து கேட்கும் பிள்ளைகள் அன்று கற்கும் பாடத்தை எந்த அறநூல் வகுப்பும் எளிதில் மாற்ற இயலாது.

“வரியாகக் கொடுத்தால் வீணாகிறது, தானமாகக் கொடுத்தால் பயனாகிறது” என்பார் உண்டு. அரசின் செலவில் வீண் உண்டு என்பதை மறுக்க இயலாது. அதனைத் தட்டிக் கேட்பது குடிமக்களின் உரிமை. கொடுக்காமல் மறைப்பது அவ்வுரிமையில் சேராது. சமண நெறி போற்றும் தானங்கள் நான்கு: உணவு, மருந்து, நூல், அடைக்கலம். நியாய விலைக் கடையின் அரிசியும், ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்தும், அரசுப் பள்ளியின் பாடநூலும், வெள்ளக் காலத்து முகாமும் இந்நான்கே அல்லவா? தானம் கொடுப்போர் பெறுவோரைத் தேர்ந்துகொள்ளலாம். கல்லில் பெயரும் பொறிக்கலாம். வரி செலுத்துவோர் பெயர் எங்கும் பொறிக்கப்படுவதில்லை. பெறுவோர் யாரென்றும் அவர் அறியார். புகழை விரும்பாத ஈகையே சிறந்ததெனில், நேர்மையாகச் செலுத்திய வரி அதற்கு மிக அண்மையில் நிற்பது.

ஆகவே ஈகை இறைக்கு மாற்று ஆகாது. செலுத்த வேண்டியதை மறைத்து, மறைத்ததிலிருந்து ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொடுத்தால், அது பிறன்பொருளை எடுத்துத் தன் பெயரால் வழங்குவதே ஆகும். சட்டம் நெகிழ்ந்து விட்ட இடத்தில் எவ்வளவு போதும் என்று தாமே வரம்பு கட்டிக்கொள்வது பொருள் வரைதல் என்னும் விரதம். சட்டம் கேட்டதைக் குறையாது கொடுப்பது கள்ளாமை. இவ்விரண்டும் முடிந்த பின் கொடுப்பதே தானம். செல்வரை நோக்கி வினா எழுப்பும் உரிமை, தம் வீட்டுக் கணக்கை இவ்வரிசையில் எழுதுவோர்க்கே முழுமையாக உண்டு.

வாழ்க அறம்! வளர்க நல்லொழுக்கம்!