லேப்டாப் ஃபேன் கத்துகிறதா? முதலில் பட்டியலைப் பாருங்கள்

(நமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை, வெறும் பி.காம். தான். ஆனால் சமீபத்தில் நான் மாட்டிக்கொள்ள இருந்தேன். நம் குடியிருப்பில் வேறு யாரும் மாட்டக்கூடாது என்றுதான் பேச வந்தேன்.

என்னுடையது விண்டோஸ் 11 லேப்டாப். ஒரு நாள் காலையில் அதை ஆன் செய்து வைத்துவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஃபேன் கத்த ஆரம்பித்தது. "மிக்ஸியை யார் போட்டது?" என்று அடுப்படியிலிருந்து என் மனைவி கேட்டார். அடியில் கை வைத்தால் சுடுகிறது. மூன்று மணி நேரம் வரும் சார்ஜ் ஒரு மணி நேரத்தில் தீர்ந்தது. இத்தனைக்கும் நான் எதையுமே திறக்கவில்லை.

இன்டர்நெட்டில் காரணம் தேடினேன். ஏதோ ஒரு பக்கத்தைத் தொட்டதும் திரை முழுக்கச் சிவப்பு: "வைரஸ் இருக்கிறது, உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள்." பேசினேன். ஒருவர் மிகவும் மரியாதையாக, தூரத்திலிருந்தே சரிசெய்து தருகிறேன், ஒரு ஆப் போடுங்கள் என்றார். கட்டணம் 4,999 ரூபாய், நெட்பேங்கிங்கைத் திறந்துகொள்ளுங்கள் என்றார். அப்போதுதான் உறைத்தது. கவுன்டரில் உட்கார்ந்து எத்தனை பேருக்கு "பாஸ்வேர்டைச் சொல்லாதீங்க" என்று சொல்லியிருப்பேன்! போனை வைத்துவிட்டேன். என் பென்ஷன் கணக்கு அந்த லேப்டாப்பில்தான் இருக்கிறது.

விண்டோஸ் காட்டும் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்கவே இருக்காது. ஏற்கெனவே பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள், பேங்கிற்கும் சொல்லுங்கள்.

சரி, ஃபேன் ஏன் கத்தியது? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். நமக்குத் தெரியாமல் பின்னால் ஓடுபவை உட்பட எல்லாம் அதில் இருக்கும். 'சிபியு' என்ற தலைப்பைக் கிளிக் செய்தால் அதிகம் உழைப்பது மேலே வந்துவிடும். கணக்கு டேலி ஆகாத நாளில் பெரிய வவுச்சரை முதலில் பார்ப்போமே, அந்த மாதிரி.

பார்த்தவுடன் கை வைக்காதீர்கள். பத்து நிமிடம் கவனியுங்கள். 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்' மேலே இருந்தால் அது விண்டோஸின் காவல்காரர், சோதனை போட்டுக்கொண்டிருக்கிறார். பெரிய அப்டேட்டுக்குப் பிறகும் கொஞ்ச நேரம் வேலை அதிகமாக இருக்கும், தானாக அடங்கிவிடும். 'டீடெயில்ஸ்' பகுதியில் 'சிஸ்டம் ஐடில் பிராசஸ்' 95 என்று காட்டும். நான் அதையே குற்றவாளி என்று நினைத்தேன். அது சும்மா இருக்கும் நேரத்தின் கணக்காம்! எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது.

என் லேப்டாப்பில் மேலே இருந்தது பழைய பிரின்டரின் துணை புரோகிராம். அந்தப் பிரின்டரை எடைக்குப் போட்டு எட்டு மாதம் ஆகிறது. அது மட்டும் நாற்பது சதவீதத்துக்கு மேல் விழுங்கிக்கொண்டு இறங்காமலே நின்றது.

பெயரில் ரைட் கிளிக் செய்து 'ஓபன் ஃபைல் லொக்கேஷன்' கொடுத்தால் அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று தெரியும். பிரின்டர் பெயரிலேயே ஃபோல்டர் இருந்ததால் எனக்குச் சந்தேகம் இல்லை. 'டெம்ப்' மாதிரி ஃபோல்டரில் பெயர் தெரியாத ஒன்று ஓடினால் முழு வைரஸ் ஸ்கேன் போடுங்கள்.

'எண்ட் டாஸ்க்' கொடுத்தேன், சத்தம் நின்றது. மறுநாள் மறுபடி வந்தது, ஏனென்றால் லேப்டாப்பை ஆன் செய்யும்போதே அதுவும் கிளம்புகிறது. பிறகு செட்டிங்ஸில் ஆப்ஸ், இன்ஸ்டால்ட் ஆப்ஸ் போய் அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுத்தேன். ஷட் டவுன் செய்து ஆன் செய்வது போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருந்தால் விண்டோஸ் முழுசாகப் புதிதாகத் தொடங்காது, ரீஸ்டார்ட்தான் சரி. இப்போது சும்மா இருக்கும்போது ஐந்து சதவீதத்தைத் தாண்டுவதில்லை. செலவு ஒரு பைசா இல்லை.

தெரியாத பெயராக இருந்தால் நீக்காதீர்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு லேப்டாப்பும் சார்ஜருமாக அசோசியேஷன் ஹாலுக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். அந்தச் சிவப்புத் திரை வந்து மூட முடியாவிட்டாலும் இதே டாஸ்க் மேனேஜரில் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள், போய்விடும்.