வேலை நேரமும் வீட்டு நிம்மதியும்





நம் மங்கலம்பேட்டையிலிருந்து விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளுக்கும் வெளியூர் ஆலைகளுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சூளை எரியும்போது பாதியில் விட்டுவிட்டு வர முடியாது. மாற்று ஆள் வராவிட்டால் இருப்பவரே தொடர வேண்டும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். வேலை 12 மணி நேரம், போக வர 2, தூக்கம் 7. மீதி 3 மணி நேரம். குளியல், சாப்பாடு, தொழுகை, பிள்ளைகள் எல்லாம் அதற்குள். போதாதபோது தூக்கத்தைக் குறைக்கிறோம். பிறகு எரிச்சல், சின்ன விஷயத்துக்கும் கோபம், யாரிடமும் பேசப் பிடிக்காத நிலை. "அத்தாவுக்கு நம்ம மேல பாசமே இல்லை" என்று பிள்ளை நினைக்கிறது. பாசம் இருக்கிறது, தெம்புதான் இல்லை.

உடம்பும் கெடுகிறது. வாரம் 55 மணி நேரத்துக்கு மேல் உழைப்பவருக்குப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதம் கூடுவதாக உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தெரிவித்தது.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு வைத்தது. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்றது. 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் 2023 ஏப்ரல் 21 அன்று நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார். ஆனால் கடன் தவணைக்காக நாமே ஓவர்டைம் கேட்டு வாங்குவதும் நடக்கிறது.

பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் வணக்கம் என்றிருந்த தோழரிடம், உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் உரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். இபாதத்துக்கே அளவு உண்டென்றால் ஓவர்டைமுக்கு இல்லையா?

ஆகவே சில வேண்டுகோள்கள். வேலை செய்த நேரத்தைத் தினமும் நோட்டில் குறியுங்கள். கூலி பேச உதவும். வீட்டுக்கு வந்தவரிடம் முதல் அரை மணி நேரம் கடன் பேச்சு வேண்டாம். வார விடுமுறையை விற்காதீர்கள். நம்மில் ஆள் வைத்து வேலை வாங்குவோர், தாங்க முடியாத சுமையைத் தராதீர்கள். தூக்கமின்மையும் சோர்வும் வாரக்கணக்கில் நீடித்தால் அதை ஈமானின் குறை என்று சொல்லி மறைக்க வேண்டாம். டெலி மானஸ் 14416 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

நம் உழைப்பிலும் ஓய்விலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.