கோடே முகமாகும்போது



ஓவியர் என்றதும் நம் கடம்பூர் வட்டாரத்தில் முதலில் வாயில் வரும் பெயர் சி. கொண்டையராஜு. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுதி, கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டவர். அவரும் அவர் சீடர்களும் தீட்டிய முருகனும் லட்சுமியும் சிவகாசி அச்சகங்கள் வழியாகக் காலண்டர்களாகி வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தார்கள். அந்த முகங்களில் கோடு கண்ணில் படாது. கன்னத்தின் வளைவை வண்ணமே ஒளியிலிருந்து நிழலுக்கு இறக்கிவிடும்.

அதே சென்னைப் பள்ளியில் படித்த இன்னொருவர் நேரெதிர்த் திசையில் போனார். துறையூர்ப் பக்கம் கீராம்பூரில் 1938இல் பிறந்த கே.எம். ஆதிமூலம். அவர் கோடுகளை மறைக்கவில்லை. கோடுகளைக் கொண்டே முகத்தைக் கட்டினார்.

1969 காந்தி நூற்றாண்டு. அதையொட்டிக் காந்தியை வரிசையாக வரைந்தார் ஆதிமூலம். கறுப்பு மையும் வெள்ளைத் தாளும்தான். மண்டையின் வளைவு, விரிந்த காது, மூக்குக்கண்ணாடி என்று சில கோடுகள் போதும், காந்தி வந்துவிடுவார். நிழல் வேண்டிய இடத்தில் மெல்லிய கோடுகள் ஒன்றையொன்று வெட்டி அடர்கின்றன. ஒளி விழும் இடத்தில் தாள் சும்மா விடப்படுகிறது. எளிமையாக வாழ்ந்த மனிதருக்கு அந்தச் சிக்கனம் அப்படியே பொருந்தியது.

பிறகு அவர் மகாராஜாக்களை வரைந்தார். அங்கே சிக்கனம் இல்லை. தலைப்பாகை, நகை, மீசை, சரிகை எல்லாம் கோடும் புள்ளியும் சுழியுமாகப் பெருகி உடலை மூடுகின்றன. ஆளைவிட அலங்காரமே பெரிதாகிறது. ஆட்சி போய், ஆடம்பரம் மட்டும் மிஞ்சிய மன்னரை அந்த அலங்காரமே காட்டிக்கொடுக்கிறது. வியன்னாவின் குஸ்தாவ் கிளிம்ட் 1907இல் முடித்த அடேல் ப்ளாக்-பாவர் படத்திலும் தங்க வடிவங்கள் உடையையும் நாற்காலியையும் ஒன்றாக்கிவிடும். ஆனால் கிளிம்ட் அழகுக்காகச் செய்ததை ஆதிமூலம் விமர்சனமாக மாற்றினார்.

நமக்கும் ஆதிமூலத்துக்கும் நேரடி உறவு உண்டு. இடைசெவல் தந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன் ஜூனியர் விகடனில் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ எழுதியபோது அதற்குப் படம் போட்டவர் ஆதிமூலமே. நம் சம்சாரிகளின் கதைக்கு அந்தக் கறுப்புக் கோடுகள் துணைவந்தன. வெயிலும் வறட்சியும் ஒரு முகத்தில் எழுதுவதைச் சொல்ல வண்ணத்தைவிடக் கோட்டுக்குத்தான் உரிமை அதிகம்.

பிள்ளைகளே, சினிமா நடிகரைப் பார்த்து வரைவது போதும். திண்ணையில் இருக்கும் பாட்டியைப் பாருங்கள். தோளைத் தொடும் பாம்படம், அதன் கனத்தில் நீண்ட காது, நெற்றிச் சுருக்கம். ஒரு பேனா போதும், ரப்பர் வேண்டாம். ஆசிரியப் பெருமக்களே, கோவில்பட்டியில் கி.ரா.வுக்கு அரசு நினைவரங்கம் எழுப்பியிருக்கிறது. நம் மாணவர்கள் வரையும் கரிசல் முகங்களை ஆண்டுதோறும் அங்கே காட்சிக்கு வைக்க இந்த மன்றமே முன்கை எடுக்க வேண்டும்.