நெடும்பயணத்தில் எவ்வளவு வேகம்?



செகந்திராபாத்தின் வடக்கிலுள்ள திருமுல்கேரி ஒரு பழைய பட்டாளப் பகுதி. 1806-ஆம் ஆண்டில் செகந்திராபாத்தில் பாளையம் அமைந்த பின்னர், சென்னைப் படைகளோடும் அவற்றின் பின்னும் வந்து நிலைத்த தமிழ்க் குடும்பங்கள் இவ்வட்டாரத்தில் பல. இக்காலத்தில் ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் அங்கு நின்று பார்ப்போர் வேறொரு பட்டாளத்தைக் காணலாம். தலைக்கவசம் அணிந்து, பின்புறம் சிவப்பு விளக்கு மினுக்க, அல்வால், ஹக்கிம்பேட்டை, ஷாமீர்பேட்டை வழியே சித்திப்பேட்டைச் சாலையில் செல்லும் சைக்கிள்காரர்களே அப்பட்டாளம். நம்மவர் பிள்ளைகளும் அவர்களிடையே இருக்கக்கூடும்.

இவர்களிற் பலர் பந்தயக்காரர் அல்லர். ‘பிரெவே’ எனப்படும் நெடும்பயணத்திற்குத் தம்மை ஆயத்தம் செய்துகொள்பவர்கள். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்திலும், 300-ஐ 20 மணியிலும், 400-ஐ 27 மணியிலும், 600-ஐ 40 மணியிலும் முடிக்க வேண்டும் என்பது விதி. 1891-இல் தோன்றி, இப்போது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பயணம் 1,200 கிலோமீட்டர்; அதற்கு 90 மணி நேரம். கணக்கிட்டுப் பார்த்தால், உண்பதும் உறங்குவதும் உட்பட, மணிக்கு 15 கிலோமீட்டருக்குள்ளேயே எல்லாம் அடங்கிவிடும். முதலிடம், இரண்டாமிடம் என்ற பேச்சே அங்கு இல்லை.

அப்படியானால் பயிற்சிக்காக ஐந்தாறு மணி நேரம் ஓட்டும்போது, இடையிடையே மூச்சிரைக்க ஓட்டுவது எவ்வளவு இருக்க வேண்டும்? இதைப்பற்றிச் சைக்கிள்காரர்களிடையே ஓயாத வழக்கு நடக்கிறது. மெதுவாகவே ஓட்டினால் மந்தமாகவே இருந்துவிடுவோம் என்பார் ஒரு சாரார். நெடும்பயணப் பயிற்சியில் வேகம் தலைகாட்டவே கூடாது என்பார் மற்றொரு சாரார். வேகம் வேண்டும் என்போரிற் பலர் ஓர் எண்ணைத் தவறாகப் படித்துவிட்டனர் என்பதே நமது எண்ணம்.

அந்த எண், ஐந்தில் ஒரு பங்கு. நார்வே நாட்டில் பணிபுரியும் ஸ்டீபன் ஸைலர் என்ற உடலியல் ஆய்வாளர், படகோட்டிகள், பனிச்சறுக்கு வீரர்கள், சைக்கிள் வீரர்கள் முதலிய தேர்ந்தவர்களின் பயிற்சியை ஆராய்ந்தார். பத்து முறை பயிற்சிக்குச் சென்றால், ஏறக்குறைய எட்டு முறை எளிய முயற்சியிலும் இரண்டு முறை கடுமையாகவும் அவர்கள் உழைப்பதைக் கண்டார். இது பயிற்சி வேளைகளின் கணக்கு. நிமிடங்களால் எண்ணினால் கடுமுயற்சியின் பங்கு பத்தில் ஒன்றை ஒட்டியே நிற்கும். இதை உணராமல், ஆறு மணி நேரமாகிய 360 நிமிடங்களில் ஐந்தில் ஒன்று என்று கணக்கிட்டு, 72 நிமிடங்கள் விழுந்தடித்துக்கொண்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் புதன்கிழமை வரை கால் தேறுவதில்லை. செவ்வாய்க்கிழமைப் பயிற்சியும் வீணாகிறது.

உடலின் இருப்பைக் கவனித்தால் இதன் காரணம் விளங்கும். தசையிலும் ஈரலிலும் சேமித்து வைக்கப்படும் மாச்சத்து சுமார் 400 முதல் 500 கிராம், அதாவது ஏறத்தாழ 2,000 கலோரி. கொழுப்போ, ஒல்லியான உடலிலும் பத்து கிலோ இருந்தால் எழுபதாயிரம் கலோரிக்கு மேல். எளிதாக ஓட்டும்போது கொழுப்பு பெரும்பங்கு எரிகிறது. கடுமையாக மிதிக்கும்போது மாச்சத்தே கரைகிறது. காற்றும் சும்மா விடுவதில்லை. மணிக்கு 20 கிலோமீட்டரிலிருந்து 30-க்கு ஏறினால், காற்றைப் பிளக்கவேண்டிய திறன் மும்மடங்கிற்கும் அதிகம். வேகத்தில் கிடைப்பது கொஞ்சம், கரைவது மிகுதி.

ஆகவே, வார நாட்களில் இரண்டு காலை வேளைகளில் கடுமையாகப் பயிற்சி செய்பவர், ஞாயிற்றுக்கிழமை நெடும்பயணத்தில் வேகமாக ஓட்டவே தேவையில்லை. பணி நிமித்தம் ஞாயிறு ஒன்றே வாய்ப்பவர்க்கு மட்டும் 20 முதல் 30 நிமிடம் வரை கடுமுயற்சி பொருந்தும். ஆறு நிமிடம் வீதம் நான்கு முறை; ஒவ்வொன்றுக்கும் இடையில் அதே அளவு அல்லது அதற்கு மேல் ஆறுதலாக மிதிப்பது. இவற்றை இரண்டாம் மணியிலோ மூன்றாம் மணியிலோ வைத்துக்கொள்ளலாம். களைத்த காலில் வேகம் காட்டப் பழக வேண்டும் என்று கடைசி மணியில் வைப்பாரும் உண்டு. இறுதியில் முந்தவேண்டிய பந்தயக்காரருக்கு அது தகும். லாரிகள் விரையும் நெடுஞ்சாலையில், வெயில் ஏறிய பத்து மணிக்கு, அயர்ந்த கண்ணோடு ஒருவர் அதைச் செய்வதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். நகரின் மேற்கில் வெளிவட்டச் சாலையை ஒட்டி, சூரிய மின்தகடுகளையே கூரையாகக் கொண்ட 23 கிலோமீட்டர் சைக்கிள் பாதை 2023-இல் திறக்கப்பட்டது. திருமுல்கேரியிலிருந்து தொலைவுதான், ஆயினும் கடுமுயற்சிக்கு அத்தகைய இடமே ஏற்றது.

கடுமை எது, எளிமை எது என்று அறியக் கருவி இல்லாதவர் கவலைப்பட வேண்டாம். அருகில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் அது எளிய முயற்சி. ஒரு சொல்லுக்கு மேல் வாய் வரவில்லையென்றால் அது கடுமுயற்சி. இரண்டுக்கும் நடுவே, வாக்கியம் துண்டு துண்டாக வரும் ஒரு நிலை உண்டு; அதுதான் இரண்டுங்கெட்டான். களைப்பை முழுதும் தரும், பயனை அரைகுறையாகத் தரும். பெரும்பாலோர் நாள் முழுவதும் அதிலேயே ஓட்டிவிட்டு நன்றாக உழைத்தோம் என்று வீடு திரும்புகிறார்கள்.

அந்த நடுநிலைக்கு நம்மை இழுத்துச் செல்வன இரண்டு. ஒன்று தக்காணத்துச் சாலை. பாறை மேடுகளிடையே அது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு ஏற்றத்திலும் எழுந்து நின்று மிதிக்கத் தோன்றும். பல்சக்கரத்தை முன்கூட்டியே இலகுவாக்கிக்கொண்டு, அமர்ந்தபடியே ஏறுவது நல்லது. மற்றொன்று தோழர் கூட்டம். ஒருவன் முந்திவிட்டால் நம் கால் பொறுத்துக்கொள்வதில்லை. அதற்கு வயது வித்தியாசமும் இல்லை. இந்த இரண்டும் சேர்ந்து கணக்கில் வராத கடுநிமிடங்களை எவ்வளவோ கூட்டிவிடும்.

கோடையில் 40 பாகைக்கு மேல் வெப்பம் ஏறும் ஊர் இது. உடலைக் குளிர்விக்க இரத்தம் தோலை நோக்கி ஓடுவதால், வேகம் கூடாமலே நாடித்துடிப்பு கூடும். விடியலில் எளிதாயிருந்த அதே வேகம் ஒன்பது மணிக்குக் கடுமையாகிவிடும். அப்போது குறைக்க வேண்டியது வேகத்தையே. எளிதாக ஓட்டுகிறோம் என்று உண்ணாமலிருப்பதும் ஆகாது. மணிக்குச் சுமார் 60 கிராம் மாச்சத்து வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் இருப்பது 25 கிராம் அளவே.

திங்கட்கிழமை கண்விழித்ததும், படுக்கையிலிருந்து எழுமுன், நாடியை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். வழக்கத்தைவிட எட்டுப் பத்துத் துடிப்பு மிகுந்திருந்தால், செவ்வாய்க்கிழமைக் கடும்பயிற்சியை ஒத்திவைத்து, அடுத்த ஞாயிறு ஷாமீர்பேட்டை ஏரி வரை மட்டும் சென்று திரும்பினாற் போதும்.