எட்டாம் நம்பர் சட்டை

(சென்னை வேலப்பன்சாவடியில் தொலைக்காட்சிக்காகப் பதிவான பட்டிமன்றம். தலைப்பு: 'அணியை வாழ வைப்பது பழகிய முகமே! புதிய வரவே!' – இதில் 'பழகிய முகமே' என்ற அணியில் பேசியது.)

நடுவர் பெருமகனார் அவர்களே! நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே சிரித்துக் கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையின் அத்தனை லாரிச் சத்தத்தையும் தாண்டி இந்த மண்டபத்துக்குள் வந்து அமர்ந்திருக்கிற வேலப்பன்சாவடி, திருவேற்காடு, மதுரவாயல் பெருமக்களே! தாய்மார்களே!

எதிரணியில் பேசிவிட்டுப் போன சகோதரி ஒரு வார்த்தை சொன்னார். "பழைய மிக்ஸி ஓடலேன்னா புது மிக்ஸி வாங்க மாட்டீங்களா?" என்றார். கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். அம்மா, நீங்க மிக்ஸியை மாற்றின அன்றைக்குப் பழைய மிக்ஸிக்காக யாராவது தெருவில் நின்று அழுதார்களா? (சிரிப்பு) 2025ஆம் வருஷம் நவம்பர் மாதம் 15ஆம் தேதி, சனிக்கிழமை, இந்த ஊரில் அழுதார்கள். சிக்னல் பக்கத்து டீக்கடையில் மீசை நரைத்த ஆட்டோக்காரர், கையில் வாங்கின டீயைக் குடிக்காமல் நின்று கொண்டிருந்தார். "என்னண்ணே, வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன். "ஜடேஜாவைக் குடுத்துட்டாங்க சார்" என்றார். பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீட்டில் சொல்கிற மாதிரி சொன்னார்! (சிரிப்பு, கைதட்டல்)

கிரிக்கெட் பார்க்காத பாட்டிமார்களுக்காக ஒரு நிமிஷம். ஐ.பி.எல். என்று ஒரு போட்டி, 2008ல் ஆரம்பித்தது. அதில் நம்ம ஊர் அணி சென்னை சூப்பர் கிங்ஸ். அந்த அணியில் ரவீந்திர ஜடேஜா என்று ஒருவர், 2012லிருந்து ஆடினார். குஜராத்காரர். 12 சீசன் நமக்காக ஆடினார். நடுவில் 2016, 2017 இரண்டு வருஷம் சென்னை அணிக்கே தடை. அப்போது வேறு அணிக்குப் போய்விட்டு, 2018ல் கதவு திறந்ததும் திரும்பி வந்தவர். அவரையும், சாம் கரன் என்ற இங்கிலாந்துப் பையனையும் ராஜஸ்தான் அணிக்குக் கொடுத்து, அங்கேயிருந்து சஞ்சு சாம்சன் என்ற கேரளத்துத் தம்பியை வாங்கினார்கள். இதற்குப் பெயர் 'டிரேடு'. நம்ம பாஷையில் பண்டமாற்று. நெல்லைக் கொடுத்து உப்பு வாங்கினார்கள் என்று நான் வகுப்பில் சங்க காலத்துச் செய்தி சொல்வேன். ஆளைக் கொடுத்து ஆள் வாங்கினதை இந்தக் காலத்தில்தான் பார்க்கிறேன்! (சிரிப்பு)

அந்தச் செய்தி வருவதற்கு முன்னால் எத்தனை வதந்தி! ஆகஸ்டிலிருந்தே ஆரம்பித்து விட்டார்கள். இவரைக் கொடுப்பார்களாம், அவரைக் கேட்கிறார்களாம், பேச்சு முறிந்ததாம், மறுபடி ஒட்டினதாம். கல்யாணப் பேச்சில்கூட இத்தனை ரகசியம் வெளியே வராது. ஆட்டம் நடக்கிறது இரண்டு மாசம். ஆட்டமே இல்லாத பத்து மாசமும் நம்ம பையன்கள் இந்த வதந்தியைத்தான் ஆடுகிறார்கள். ஒருத்தன் ராஜஸ்தான் முதலாளி மாதிரி பேசுகிறான், ஒருத்தன் சென்னை முதலாளி மாதிரி பேசுகிறான். பாக்கெட்டில் பஸ்ஸுக்குக் காசு இருக்காது. பதினெட்டுக் கோடிக்கு விலை பேசுகிறான்! (சிரிப்பு)

எதிரணித் தலைவர் கணக்கோடு வந்தார். மறுக்க மாட்டேன். 2025ல் சென்னை அணி 14 ஆட்டத்தில் 4தான் ஜெயித்தது. பத்து அணியில் பத்தாவது இடம். அணியின் வரலாற்றிலேயே அடிமட்டத்தில் முடித்தது அதுதான் முதல் தடவை. அஸ்வினை 9 கோடியே 75 லட்சம் கொடுத்துப் பழைய பாசத்தில் திரும்பக் கூப்பிட்டீர்களே, 9 ஆட்டத்தில் 7 விக்கெட்தானே என்று கேட்டார். சரியான அடி. டிரேடு நடந்தபோது ஜடேஜாவுக்கு 37 வயது ஆகப் போனது, சாம்சனுக்கு 31தான், தோனிக்கு 44 ஆகியிருந்தது, விக்கெட் கீப்பர் வேண்டாமா என்று கேட்டார். வேண்டும். ஆனால் ஐயா, 2018ஐ ஏன் சொல்லாமல் விட்டீர்கள்? இரண்டு வருஷத் தடை முடிந்து வந்த அணியைப் பார்த்து, முப்பது வயதைத் தாண்டினவர்களாய்ச் சேர்த்திருக்கிறார்கள், இது அப்பாமார் படை என்று ஊரே சிரித்தது. அந்த அப்பாமார்தான் அந்த வருஷம் கோப்பையை வாங்கினார்கள். (கைதட்டல்)

"புதுசா விலை கொடுத்து வாங்கினால் வெற்றி வரும்" என்கிறார்கள். வாங்கிப் பார்த்தோமே! கிரிக்கெட்டை விடுங்கள், கபடிக்கு வாருங்கள். 2022ல் தமிழ் தலைவாஸ் அணி பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு ஏலத்தில் எடுத்தது. அதுவரை புரோ கபடியில் யாருக்கும் போகாத விலை. முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் அடி. பாவம், அந்த சீசன் முழுக்க ஆட முடியவில்லை. சரி, அணி என்ன ஆயிற்று? மூழ்கியதா? அந்த வருஷம்தான் தலைவாஸ் முதன்முதலாக அரையிறுதிக்கே போனது. அவ்வளவு விலை கொடுத்து வாங்கின ஆள் வெளியே உட்கார்ந்திருக்க, மிச்சம் இருந்த பையன்கள் ஒருத்தன் காலை ஒருத்தன் தெரிந்து வைத்துக் கொண்டு ஆடினார்கள். கபடியில் சங்கிலி பிடிக்கிறபோது பக்கத்துக் கை யாருடையது என்று திரும்பிப் பார்க்க நேரம் ஏது? பழகியிருக்க வேண்டும்.

இன்னும் வெளியே போகலாமா? அமெரிக்காவில் கூடைப்பந்து. டாலஸ் மேவரிக்ஸ் என்று ஒரு அணி. அதில் லூகா டான்சிச், 25 வயதுப் பையன், 2024ல் அந்த அணியை இறுதிப் போட்டி வரை கொண்டு போனவன். 2025 பிப்ரவரியில், ஒரு வதந்திகூட வராமல், ஒரு ராத்திரியில் அவனை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்து, ஆந்தனி டேவிஸ் என்ற பெரிய ஆட்டக்காரரை வாங்கினார்கள். டாலஸ் ரசிகர்கள் மைதான வாசலில் சவப்பெட்டியைக் கொண்டு வந்து வைத்தார்கள்! அங்கேயும் நம்ம ஆட்கள்தான்! (சிரிப்பு) வந்த டேவிஸ் முதல் ஆட்டத்திலேயே காயம்பட்டார். அந்த மாற்றத்தைச் செய்த மேலாளரை அணி நவம்பர் 11ஆம் தேதி வேலையை விட்டே அனுப்பியது. நம்ம ஊரில் ஜடேஜா செய்தி வருவதற்குச் சரியாக நாலு நாள் முன்னால்! அந்தப் பேப்பரை யாராவது இங்கே படித்துக் காட்டியிருக்கக் கூடாதா? (கைதட்டல்)

இலக்கியத்துக்கு வருகிறேன். வராவிட்டால் என் மாணவர்கள் கோபித்துக் கொள்வார்கள். எதிரணியில் வீடணனைக் கொண்டு வந்தார்கள். "அணி மாறினான், ஜெயித்தான், முடி சூடினான்" என்றார்கள். ஐயா, வீடணன் தானாகப் போனான். அவனுக்கு யாரும் விலை பேசவில்லை. இராவணன் இராமனுக்கு ஓலை அனுப்பி, "வீடணனை எடுத்துக் கொள், பதிலுக்கு அங்கதனை அனுப்பு" என்றா சொன்னான்? (பலத்த சிரிப்பு, கைதட்டல்) அதே கம்பன் கும்பகருணனையும் நம்முன் நிறுத்துகிறான். தம்பியே வந்து கூப்பிடுகிறான். வந்தால் பிழைப்பான், வராவிட்டால் சாவான். அவன் தம்பியை இராமனிடம் திருப்பி அனுப்பிவிட்டு, உண்ட சோற்றுக்காகத் தான் மட்டும் களத்துக்குப் போகிறான். வீடணனைப் பாராட்டுகிறவர்கள்கூடக் கும்பகருணன் விழும்போது கண்ணைத் துடைத்துக் கொள்கிறார்கள்.

புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் என்று ஒரு புலவர். குன்றும் மலையும் கடந்து அதியமானைப் பார்க்க வந்தார். அவன் ஏதோ வேலையில் இருந்தான். நேரில் பார்க்காமலே, "இதைக் கொடுத்து அனுப்புங்கள்" என்று பரிசிலை அனுப்பினான். வறுமையில் வாடுகிற புலவர், வாங்கினாரா? என்னைப் பாராமல் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போக நான் வியாபாரி இல்லை என்று சொல்லிவிட்டார். முகம் பார்த்து, தகுதி அறிந்து, ஒரு தினை அளவு கொடுத்தாலும் போதும் என்றார். முகத்துக்கு அத்தனை மதிப்பு, ஐயா!

அடுத்த குண்டு ஒன்று போட்டார்கள். "ஜடேஜா மட்டும் யோக்கியமா? 2010ல் ராஜஸ்தானில் இருந்துகொண்டே வேறு அணியிடம் பேரம் பேசினதற்காக ஒரு வருஷம் தடை வாங்கினவர்தானே?" என்றார்கள். உண்மைதான். நன்றி, நல்ல நேரத்தில் நினைவூட்டினீர்கள். 21 வயதுப் பையன் தன் விலையைத் தானே பேசினால் அதற்கு ஒரு வருஷம் தடை. அதே பையனின் விலையை இரண்டு முதலாளிகள் உட்கார்ந்து பேசினால் அதற்குப் பெயர் 'டிரேடு'! (நீண்ட கைதட்டல்) வீரரின் சம்மதம் இல்லாமல் செய்ய முடியாது என்று விதி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. கையெழுத்து இருக்கும். கையெழுத்தைப் பற்றி அம்பத்தூரில் போய்க் கேளுங்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், நடுவர் அவர்களே. "கோடி கோடியாய்ச் சம்பாதிக்கிறவனுக்காக மாசச் சம்பளக்காரன் ஏன் அழுகிறான், பைத்தியமா?" என்று எதிரணியில் கேட்டார்கள். ஜடேஜாவின் சம்பளம் 18 கோடி. அணி மாறும்போது அதை 14 கோடியாகக் குறைத்தார்கள். நமக்கு 14 கோடியும் ஒன்றுதான், 18 கோடியும் ஒன்றுதான், எண்ணத் தெரியாது. ஆனால் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவனை, சம்பளத்தைக் குறைத்து, வேறு யூனிட்டுக்கு அனுப்புவது என்றால் என்ன என்று இந்தப் பக்கத்து ஜனங்களுக்குத் தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்தில் நின்றவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? கையைத் தூக்க வேண்டாம். "நாளையிலிருந்து நீ அந்த பிளாண்ட், காண்ட்ராக்ட்ல வா" என்று ஒரு காகிதம் நீட்டுவான். சம்மதம் கேட்பான். பேனாவும் அவனே கொடுப்பான். அந்த ஆட்டோக்காரர் முன்னால் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்தவர்தான். அன்றைக்கு டீயைக் குடிக்காமல் நின்றது ஜடேஜாவுக்காக மட்டுமா என்று எனக்குச் சந்தேகம்.

அதே வருஷம் டிசம்பரில் அபுதாபியில் ஏலம். சர்வதேச ஆட்டம் ஒன்றுகூட ஆடாத இரண்டு பையன்கள், பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா. அடிப்படை விலை 30 லட்சம். சென்னை அணி தலைக்கு 14 கோடியே 20 லட்சம் கொடுத்து எடுத்தது. பையன்கள் நன்றாக இருக்கட்டும், என் வாழ்த்து. 14 கோடி என்று குறைத்து எழுதின மை காய்ந்து அப்போது ஒரு மாசம்தான் ஆகியிருந்தது, அதை மட்டும் கவனியுங்கள்.

ரசிகன் மட்டும் யோக்கியமா என்று நானே கேட்கிறேன், அவர்கள் கேட்க மறந்துவிட்டார்கள். சேப்பாக்கத்தில் ஜடேஜா ஆடிக்கொண்டிருக்கும்போதே, இவர் சீக்கிரம் அவுட் ஆகட்டும், தோனி வரட்டும் என்று கத்தினவர்கள் நம்ம ஆட்கள்தான். 2023ல் அவரே அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். நாம் சிரித்தோம். அவர் மனசுக்குள் சிரித்தாரா, தெரியாது. அந்த வருஷமே, அகமதாபாத்தில், மழை பெய்து நடுராத்திரி தாண்டின இறுதி ஆட்டத்தில், தோனி முதல் பந்திலேயே வெளியே போய்விட்டார். கடைசி 2 பந்தில் 10 ஓட்டம் வேண்டும். நின்றவர் ஜடேஜா. ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி. ஐந்தாவது கோப்பை. எதற்கும் அசையாத தோனி ஜடேஜாவைக் குழந்தை மாதிரி இடுப்பில் தூக்கினார். வீட்டில் மனைவியிடம் நாம் எத்தனை எரிச்சல் காட்டுகிறோம்! எரிச்சல் காட்டின வாய்தானே என்று அவளை யாராவது மாற்றித் தருவதாகச் சொன்னால் சம்மதிப்போமா? (சிரிப்பு) முன் வரிசையில் ஒரு அண்ணன் யோசிக்கிறார்! (பலத்த சிரிப்பு)

எங்கள் தெருவில் ஒரு சின்னப் பையன், ஐந்தாம் வகுப்பு. பூந்தமல்லி பஸ் நிலையத்துக்கு வெளியே நடைபாதைக் கடையில் அவன் அம்மா வாங்கிக் கொடுத்த மஞ்சள் சட்டை. முதுகில் 8ஆம் நம்பர், ஜடேஜா. அந்தச் செய்தி வந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, தெருக் கிரிக்கெட்டுக்குச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறான். "இதைப் போட்டா பசங்க கிண்டல் பண்ணுவாங்களாம்மா?" என்று கேட்கிறான். அந்தம்மா படித்தவர் இல்லை. "டேய், நம்பரை மாத்தச் சொன்னா மாத்திக்கலாம். உனக்கு அவரைப் பிடிக்குமா, பிடிக்காதா? அதைச் சொல்லு" என்றார். போட்டுக்கொண்டு போனான். அவனைப் பார்த்துத் தெருவில் இன்னும் இரண்டு பேர் வீட்டுக்கு ஓடி 8ஆம் நம்பர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்கள்.

ஜெய்ப்பூரில் ஏதோ ஒரு தெருவில் சஞ்சு சாம்சன் பெயர் போட்ட இளஞ்சிவப்புச் சட்டையோடு இன்னொரு பையன் நின்றிருப்பான். அவனுடைய அணியை 2022ல் இறுதிப் போட்டிக்குக் கூட்டிப்போன தலைவன் அல்லவா அவர்! அந்தப் பையனுக்கும் சேர்த்துத்தான் நான் பேசுகிறேன். எதிரணித் தலைவர் பதில் சொல்ல எழுந்திருக்கும்போது அந்த இரண்டு சட்டைக்கும் ஒரு பதில் சொல்லட்டும்.

நடுவர் மணியின் மேல் கை வைத்துவிட்டார். புது மணி போலிருக்கிறது, சத்தம் சரியில்லை, பழசையே கொண்டு வரச் சொல்லுங்கள்! (சிரிப்பு)

(கைதட்டல்)