குணசேகரன் மேல் இரக்கம் வரலாமா?

பொங்கலூர்ப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேனில் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஒன்றரை ஷிப்ட் முடிய இரவு எட்டரை ஆகிவிடும். வீடு வந்து, தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டு, சோறு வடிக்கிற நேரத்துக்குச் சன் டிவியில் ‘எதிர்நீச்சல்’ ஓடிக்கொண்டிருந்தது. 2022 பிப்ரவரியில் தொடங்கிய தொடர் அது. ஆதி குணசேகரனின் ‘இந்தாம்மா, ஏய்!’ காதில் விழுந்ததும் அடுப்படியில் நிற்பவரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார். படித்த பெண்களாகப் பார்த்துத் தம்பிகளுக்குக் கட்டிவைத்து, அவர்களைச் சமையல்கட்டைத் தாண்டவிடாத ஆள் அவன். இத்தனை பேருக்கு அவனைப் பிடித்துப்போனது சரிதானா என்பதே இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் பொருள்.

பிடித்ததற்கு முதல் காரணம் ஜி. மாரிமுத்து. தேனி மாவட்டத்துக்காரர், ‘கண்ணும் கண்ணும்’, ‘புலிவால்’ படங்களை இயக்கியவர். குணசேகரனை அவர் வெறும் முரடனாக நடிக்கவில்லை. அப்பத்தா பேரில் இருக்கும் 40 சதவீதப் பங்கு கைநழுவிவிடுமோ என்ற பயத்தையும் அந்த அதட்டலுக்குள் வைத்தார். 2023 செப்டம்பர் 8 அன்று அதே தொடருக்கு டப்பிங் பேசப் போன இடத்தில் நெஞ்சுவலி வந்து இறந்தார். அதுவரை திட்டித் தீர்த்த வீடுகளே அழுதன. அந்த அழுகை நடிகருக்கானது. கதாபாத்திரத்துக்குக் காட்டும் பரிவு வேறு கணக்கு.

தமிழருக்கு இது புதிதல்ல. திருவாரூர் கே. தங்கராசு எழுதி, மேடையில் வெற்றி பெற்று, 1954இல் படமான ‘ரத்தக்கண்ணீர்’ நாயகன் மோகன், பெற்ற தாயை உதைக்கிறான், மனைவி சந்திராவை ஒதுக்குகிறான், காந்தா என்ற பெண்ணிடம் சொத்தைத் தொலைக்கிறான். மோகனாக நடித்த எம்.ஆர். ராதாவின் நக்கலுக்குக் கொட்டகை கைதட்டியது. நோயோடு அவன் தெருவுக்கு வந்தபோது கண்கலங்கவும் செய்தது. (தொழுநோயைப் பாவத்துக்குத் தண்டனையாகக் காட்டியதை மட்டும் இன்று ஏற்க முடியாது, மருந்தால் குணமாகும் நோய் அது.) ஆனால் அந்தக் கண்ணீரில் சந்திராவின் கணக்கு கரைந்துபோகவில்லை. அவளுக்குத் தன் நண்பன் பாலுவை மணமுடித்து வைப்பதே மோகன் கடைசியாகச் செய்கிற காரியம். அவனுக்காக அழுதவர்கள் அவளுடைய வாழ்வையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்து போனார்கள்.

அமெரிக்காவின் ‘பிரேக்கிங் பேட்’ (2008–2013) தொடரில் அந்தப் பார்வை தவறிப்போனது. புற்றுநோய் கண்ட வேதியியல் ஆசிரியர் வால்டர் வைட், குடும்பத்துக்குப் பணம் சேர்க்கப் போதைப்பொருள் காய்ச்ச இறங்குகிறார். போகப்போக ஒரு சிறுவனுக்கு விஷம் வைக்கவும் துணிகிறார். ரசிகர்களில் பலர் வெறுத்ததோ, அவரைத் தட்டிக்கேட்ட மனைவி ஸ்கைலரை. அந்த வேடமேற்ற அன்னா கன்னையே கொல்ல வேண்டும் என்று எழுதியவர்களும் உண்டு. 2013 ஆகஸ்டில் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் அவரே இதைச் சொன்னார்.

ஒருவன் எப்படிக் கெட்டுப்போகிறான் என்று கிட்ட நின்று பார்ப்பதில் தவறில்லை. கதை பார்ப்பதே அதற்குத்தான். அவனிடம் அடிபட்டவள் நச்சரிப்பவளாகத் தெரியத் தொடங்கும்போதுதான் பரிவு தடம் மாறுகிறது. ‘எதிர்நீச்சல்’ இயக்குநர் திருச்செல்வம் இதில் கவனமாகவே இருந்தார். அந்த வீட்டு மருமகள்களான ஈஸ்வரிக்கும் ரேணுகாவுக்கும் நந்தினிக்கும் ஜனனிக்கும் திருப்பிப் பேச இடம் கொடுத்தார். செல்போனில் சுற்றிய மீம்களிலோ குணசேகரனின் குரல்தான் மிஞ்சியது. எதிரில் நின்ற பெண்ணின் பதில் வெட்டுப்பட்டுப் போனது.

‘என்ன இருந்தாலும் குடும்பத்துக்காகத்தானே பண்றாரு’ என்று இப்படிப்பட்டவர்களுக்குப் பரிந்து பேசுவோர் எங்கும் உண்டு. வால்டரும் தொடர் முழுக்க அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். 2013 செப்டம்பர் 29 அன்று ஒளிபரப்பான கடைசிப் பகுதியில், எல்லாவற்றையும் தனக்காகத்தான் செய்ததாக அவரே ஸ்கைலரிடம் ஒப்புக்கொண்டார்.